ஆங்கிலப் பரீட்சையும் மறுபார்வையும்

பரீட்சைக் காலம் அணுகியதும் வீடுதோறும் மாணாக்கர் புத்தகமும் கையுமாய் உட்கார்ந்திருப்பதைக் காண்கிறோம். பாடத்தை இருமுறை, மும்முறை வாசிக்கின்றனர்; சிவப்பு மையால் கோடிடுகின்றனர்; பக்கம் பழகிய முகம்போல் தோன்றவே, ‘இது தெரியும்’ என்று திருப்தியடைந்து அடுத்த பாடத்திற்குச் செல்கின்றனர். பழகியது வேறு, கைவந்தது வேறு என்பதைப் பரீட்சை மண்டபத்திலேதான் உணர்கின்றனர். பள்ளி மாணாக்கர்க்கு ஆங்கிலப் பாடத்தில் நேரும் இவ்விடரை நீக்கும் வழி யாதென்று ஈண்டுச் சிறிது ஆராய்வோம்.

நாம் அறிந்த மாணாக்கர் ஒருவர், தமக்கையின் திருமணத்திற்காக விடுமுறை வேண்டித் தலைமையாசிரியருக்கு எழுதும் கடிதத்தைப் பிழையின்றி நெட்டுருச் செய்திருந்தார். வினாத்தாளிலோ, நண்பன் வீட்டுத் திருமணத்திற்கு வர இயலாமைக்கு வருந்திக் கடிதம் எழுதுமாறு கேட்டிருந்தது. ‘திருமணம்’ என்ற சொல்லைக் கண்ட மாத்திரத்தில் அவர் தாம் அறிந்த கடிதத்தையே எழுதிவிட்டு மகிழ்ச்சியுடன் வெளியே வந்தார். அவருக்கு ஆங்கிலம் தெரியாமலில்லை. வினாவை ஊன்றி வாசிக்கவும், தம் சொல்லால் எழுதவும் அவர் பழகவில்லை. மதிப்பெண் போனதினும் வருந்தத்தக்கது, ‘ஆங்கிலம் எனக்கு வாராது’ என்று அவர் அன்றே முடிவுகட்டிக் கொண்டமையாம்.

மறுபார்வை என்பது மறுபடியும் பார்த்தல் மட்டுமன்று. பாராமல் சொல்லிப் பார்த்தலும் எழுதிப் பார்த்தலுமே அதன் உயிர். அமெரிக்காவில் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த ரோடிகர், கார்ப்பிக்கி என்னும் உளநூலார் இருவர் 2006-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆராய்ச்சி இதனை நன்கு விளக்கும். மாணாக்கரில் ஒரு சாரார் ஓர் உரைநடைப் பகுதியை நான்கு வேளையும் படித்தனர். மற்றொரு சாரார் ஒரு வேளை படித்து, எஞ்சிய மூன்று வேளையும் ஏட்டைப் பாராமல் நினைவிலிருந்து எழுதினர். ஐந்து நிமிஷங்களுக்குப் பின் சோதித்தபோது முன்னவரே முந்தினர். ஒரு வாரம் கழிந்தபின்னரோ, முன்னவர்க்கு நினைவிலிருந்தது நூற்றுக்கு 40 பங்கு. பின்னவர்க்கு 61 பங்கு. தமக்கு நன்றாக நினைவிலிருக்கும் என்று மிகுதியும் நம்பியிருந்தவரோ முன்னவர்!

இனி வாசித்தலை நோக்குவோம். முன்பின் பார்த்திராத பகுதியொன்று வந்தால், முதலில் எழுதுகோலைத் தொடாமல் முழுவதும் வாசிக்க வேண்டும். பின்னர் ஒவ்வொரு பத்தியின் கருத்தையும் நாலைந்து சொற்களில் ஓரத்தில் குறித்துக்கொள்வது நலம். ‘யார்’, ‘எப்போது’ என்னும் வினாக்களுக்கு விடை பெரும்பாலும் ஒரே வரியில் இருக்கும். ‘ஏன்’ என்பதற்கோ இரண்டு மூன்று வாக்கியங்களைச் சேர்த்துப் பார்த்தாலன்றி விடை கிட்டாது. ‘இட்’, ‘தே’ போன்ற சொற்கள் எதனைச் சுட்டுகின்றன என்று கேட்டுக்கொண்டே வாசிப்பவர் வழி தவறார். தெரியாத சொல்லைக் கண்டு மலைக்காமல், முன்னும் பின்னும் உள்ள சொற்களைக் கொண்டு பொருளை ஊகித்தறிதலும் ஒரு பயிற்சியே.

எழுதுவதில் நம்மவர் செய்யும் பிழைகள் பல தாய்மொழிப் பழக்கத்தால் வருவன. ஆங்கில நிகழ்கால வினையில் பெரும்பாலும் படர்க்கை ஒருமைக்கு மட்டுமே ‘எஸ்’ சேர்கிறது. ஏனைய இடங்களில் இல்லாமையால் அவ்வொன்றும் மறந்துபோகிறது. ‘தி’ என்பதற்கு நேரான சொல் தமிழில் இன்மையால் அதுவும் விடுபடுகிறது. ‘பற்றி’ என்று நினைத்து, ‘டிஸ்கஸ்’ என்னும் வினைக்குப் பின் வேண்டாத ‘அபௌட்’ சேர்க்கிறோம். எனினும் தமிழ் நமக்குத் துணையும் செய்யும். உயிரெழுத்துக்குமுன் ‘ஓர்’ வருதல்போல, உயிரோசைக்குமுன் ‘ஆன்’ வரும் என்று அறிந்தால் விதி எளிதாகும். அங்கே எழுத்தன்று, ஓசையே அளவுகோல். ஆதலின் ‘அவர்’ என்று ஒலிக்கும் மணிநேரச் சொல்லுக்கு ‘ஆன்’ வரும். ‘யூனிவர்சிட்டி’க்கு ‘ஏ’ வரும்.

ஆகவே, ஒவ்வொரு மாணாக்கரும் தம் பிழைகளுக்கென ஒரு சிறு குறிப்பேடு வைத்துக்கொள்வாராக. நாள்தோறும் அரைமணி நேரம் ஒதுக்கி, ஒரு பத்தியை வாசித்துப் புத்தகத்தை மூடி, அதன் சாரத்தை மூன்றிலொரு பங்காகத் தம் சொல்லில் எழுதி, மூலத்தோடு ஒப்பிட்டுத் திருத்துவாராக. மறுநாள் முதல் வேலையாக முன்னாட் பிழைகளைப் பாராமல் திருத்தி எழுதுவாராக. நெட்டுருச் செய்த கடிதம் ஏட்டுச் சுரைக்காய். வினா சற்று மாறினாலும் கறிக்கு உதவாது. பயின்ற கையோ எவ்வினாவிற்கும் உதவும். பள்ளிச் சிறுவர்க்குக் கற்பிக்கும் நம் பழைய மாணாக்கரும், வீட்டில் தம்பி தங்கையரை உடைய இளையோரும் இதனை அவர்க்கு எடுத்துரைப்பின், ‘எனக்கு வாராது’ என்று சோர்வுறும் உள்ளங்கள் சிலவேனும் நிமிரும் என்று நம்புகிறோம்.