காற்றாடி யாருக்குச் சொந்தம்?

பாறசாலையில் ரயிலேறித் திருநெல்வேலிக்குப் போகிறவர்கள், நாகர்கோவில் தாண்டியதும் சன்னல் பக்கம் நகர்ந்து உட்காருவது வழக்கம். ஆரல்வாய்மொழிக் கணவாயில் வரிசை வரிசையாகக் காற்றாலைகள் நிற்கும். பிள்ளைகள் அவற்றை எண்ணத் தொடங்கிப் பாதியிலே கணக்கை விட்டுவிடுவார்கள். கொல்லயிலிலிருந்து ஒரு கல்யாணத்துக்குப் போனபோது, என் அக்காள் மகன் கேட்டான்: “மாமா, இதெல்லாம் ஆருக்குள்ளது?”

“கம்பெனிக்காரங்களுக்கு மக்கா” என்றேன்.

“அப்போ அந்த ஊருக்காரங்களுக்கு?”

எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. அந்தக் கேள்விக்கு விடை தேடியதில் பிறந்ததே இக்கட்டுரை.

நம் கிழக்கே உள்ள மலை

1956 நவம்பர் 1ஆம் தேதி அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்களும் தமிழகத்தோடு சேர்ந்தன. நெய்யாற்றின்கரைத் தாலுகா கேரளத்திலேயே நின்றது. கொல்லயிலும் பாறசாலையும் அப்படித்தான் எல்லைக்கு இப்புறம் வந்தன. நம் உறவுக்காரர் பாதிப்பேர் அப்புறம், பாதிப்பேர் இப்புறம்.

நமக்கு முன்பே இதுபோல இரு மாநிலத்துக்கும் பிரிந்துபோனவர்கள் இன்னும் ஒரு கூட்டத்தார் உண்டு. அவர்கள் அகத்தியர் மலையின் காணிக்காரர்கள். மூட்டுக்காணி என்ற தலைவரின் கீழ், தங்களுக்கென்று ஒழுங்கோடு வாழ்ந்த பழங்குடியினர். நெய்யாறு பிறப்பது அவர்கள் மலையில். மலையின் தமிழகப் பக்கம் கோதையாற்றில் 60 மெகாவாட், 40 மெகாவாட் என இரண்டு மின்நிலையங்கள் உள்ளன. அந்த நீர் பேச்சிப்பாறை அணைக்கு வருகிறது. அதே அணையின் நீர்த்தேக்கத்தைப் படகில் கடந்து வீடு போகும் காணிக் குடும்பங்களும் இருக்கின்றன. தண்ணீரிலிருந்து வரும் மின்சாரமும் புதுப்பிக்கத்தக்க ஆற்றல்தான். ஆனால் மலையில் வாழ்கிறவருக்கு அதில் என்ன பங்கு என்ற பேச்சு அந்தக் காலத்தில் எழவே இல்லை.

கூலியும் பங்கும் உடைமையும்

ஒரு திட்டத்தில் ஊர்க்காரர்கள் சேர்வதற்கு மூன்று படிகள் உண்டு. முதலாவது கூலி: குழி தோண்டும் வேலை, காவல் வேலை. திட்டம் முடிந்ததும் பெரும்பாலும் அதுவும் முடிந்துபோகும். இரண்டாவது பங்கீடு: நிலத்துக்கு வாடகையோ, வருமானத்தில் ஒரு விழுக்காடோ கிடைக்கும், முடிவெடுப்பவர் வேறொருவர். மூன்றாவது உடைமை: கடனும் நம் தலையில், லாபமும் நம் கையில், முடிவும் நம்முடையது. ‘மக்கள் பங்கேற்பு’ என்று எல்லாரும் சொல்கிறார்கள். எந்தப் படியைச் சொல்கிறார்கள் என்று கேட்டுக்கொள்ள வேண்டும்.

இரண்டாவது படியில் நிற்பது எப்படி இருக்கும் என்பதற்குக் காணிக்காரர்களின் அனுபவமே சான்று. அது மின்சாரத்தைப் பற்றியதல்ல, ஒரு மூலிகையைப் பற்றியது. 1987இல் மலைக்குப் போன விஞ்ஞானிகள், வழிகாட்டிகளாக வந்த காணிகள் களைப்புத் தீர ஒரு செடியின் காயைத் தின்பதைப் பார்த்தார்கள். அதுதான் ஆரோக்கியப் பச்சை. திருவனந்தபுரம் பாலோட்டில் உள்ள தாவரவியல் ஆய்வு நிறுவனம் அதிலிருந்து ‘ஜீவனி’ என்ற மருந்தை உருவாக்கி, 1995இல் கோயம்புத்தூர் ஆர்ய வைத்திய பார்மசிக்கு உரிமம் கொடுத்தது. உரிமத் தொகை 10 லட்சம் ரூபாய், விற்பனையில் 2 விழுக்காடு. அதில் பாதி காணிகளுக்கு என்று முடிவாகி, 1997இல் அவர்கள் பெயரில் ஒரு அறக்கட்டளையும் அமைந்தது. உலகமே இதைப் பாராட்டியது, பரிசும் கொடுத்தது. அவ்வளவும் நியாயமே. ஆனால் செடி வளரும் காடு வனத்துறையின் கையில் இருந்தது; அதைப் பயிரிடுவதிலும் சேகரிப்பதிலும் தடைகள் வந்தன. உரிமக் காலம் முடிந்தபின் வருமானமும் நிலைக்கவில்லை. பங்கு கொடுத்தார்கள், கடிவாளம் கொடுக்கவில்லை.

கடிவாளத்தைப் பிடித்த ஊர்கள்

மேட்டுப்பாளையம் பக்கத்து ஓடந்துறை ஊராட்சியை எடுத்துக்கொள்வோம். தெருவிளக்குக்கும் குடிநீர் மோட்டாருக்கும் வரும் மின்கட்டணம் ஊராட்சியின் கழுத்தை நெரித்தது. தலைவராக இருந்த ஆர். சண்முகத்தின் முயற்சியில், 2006இல் ஊராட்சியே 350 கிலோவாட் காற்றாலை ஒன்றை வாங்கியது. விலை சுமார் 1 கோடியே 55 லட்சம் ரூபாய். பெரும்பகுதி வங்கிக் கடன். அந்தக் காற்றாலை ஓடந்துறையில் இல்லை. காற்று நன்றாக வீசும் உடுமலைப்பேட்டை பக்கம் மைவாடியில் நிற்கிறது. அங்கே உற்பத்தியாகும் மின்சாரம் மின்வாரியக் கம்பியில் சேரும்; ஊராட்சி செலவழித்தது அதில் கழியும்; மிச்சம் வாரியத்துக்கு விற்பனையாகும். அதாவது, நம் ஊரில் காற்று இல்லையே என்ற கவலைகூட வேண்டாம்.

கேரளத்திலும் முன்மாதிரி உண்டு. பாலக்காடு மாவட்டப் பஞ்சாயத்து 1999இல் ஒரு கம்பெனி தொடங்கி, மீன்வல்லத்தில் 3 மெகாவாட் சிறு நீர்மின் நிலையம் கட்டியது. அது ஓடத் தொடங்கியது 2014இல். பதினைந்து வருஷப் பொறுமை! உடைமை என்பது அத்தனை சுலபமல்ல என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

கனடாவில் உள்ள நம் தமிழர்களுக்கு அருகிலேயே இன்னொன்று. ஒன்டாரியோ மாகாணத்தில் ஹென்வி இன்லெட் பழங்குடியினரின் நிலத்தில் 300 மெகாவாட் காற்றாலைத் திட்டம் 2019இல் செயல்படத் தொடங்கியது. அதில் சரிபாதிப் பங்காளி அந்தப் பழங்குடியினரின் சொந்தக் கம்பெனி. நிலத்தைக் கொடுத்துவிட்டு ஒதுங்கி நிற்கவில்லை. பங்காளியாக எதிரே உட்கார்ந்து பேசினார்கள்.

சட்டத்தில் ஒரு வாசல்

நம் நாட்டில் 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம், 3ஆம் பிரிவில் ஒரு வசதி வைத்திருக்கிறது. பள்ளிக்கூடம், மருந்தகம், குடிநீர் போன்றவற்றுக்காக அரசு நடத்தும் பணிகளுக்கு ஒரு ஹெக்டேருக்குக் குறைவான வனநிலத்தை விட்டுக்கொடுக்கலாம். கிராமசபை பரிந்துரைக்க வேண்டும். அந்தப் பட்டியலில் மரபுசாரா எரிசக்தியும் இருக்கிறது. காணிக் குடியிருப்பில் ஒரு சிறு நீர்மின் கருவியோ சூரியத் தகடோ வைக்க வேண்டுமென்றால், பேச்சு தொடங்க வேண்டிய இடம் அவர்களுடைய கிராமசபைதான். திட்டம் யார் பெயரில் என்பதையும் அங்கேயே கேட்கலாம்.

நமக்கென்ன?

நாம் பழங்குடியினர் அல்ல. அவர்கள் இழந்ததையும் நம் நிலைமையையும் ஒன்றாக்குவது தப்பு. ஆனாலும் ஊரைவிட்டு வந்த குடும்பங்களில் பலருக்குத் தோவாளைப் பக்கமோ, ராதாபுரம் பக்கமோ தரிசாகக் கிடக்கும் பாட்டன் சொத்து இருக்கும். “வெறும் பொட்டக்காடு, வந்த விலைக்குத் தள்ளீருங்க” என்று தரகர் போன் போடுவார். கையெழுத்துப் போடுமுன் நாலு கேள்வி கேளுங்கள். விற்பனையா, குத்தகையா? குத்தகையென்றால் எத்தனை வருஷம், தொகை வருஷந்தோறும் ஏறுமா? காற்றாலையின் ஆயுள் இருபது, இருபத்தைந்து வருஷம். அதன்பின் கழற்றி அப்புறப்படுத்துவது யார் பொறுப்பு? ஊருக்குப் பங்கு உண்டா? நாலாவது கேள்விக்குத் தரகர் சிரிப்பார். சிரிக்கட்டும். பத்துப்பேர் சேர்ந்து கேட்டால் அந்தச் சிரிப்பு அடங்கும்.

அடுத்த முறை அந்த ரயிலில் போகையில் அக்காள் மகன் மறுபடியும் கேட்பான். “கம்பெனிக்காரங்களுக்கு” என்று மட்டும் இனி சொல்லமாட்டேன். “ஓடந்துறைன்னு ஒரு ஊர் இருக்கு மக்கா, அங்க ஒண்ணு ஊருக்கே உள்ளது” என்று தொடங்குவேன்.