சினிமா ஒளி வாளை வீட்டில் செய்கிறார்கள்!

பித்தானை அழுத்தியதும் பிடியிலிருந்து 3 அடி நீளத்துக்கு ஒளி பாய்கிறது. 'உம்ம்...' என்று இரைகிறது. வீசினால் இரைச்சல் கூடுகிறது. மோதினால் 'சடார்' என்று சத்தம் கேட்கிறது.

இதுதான் ஒளி வாள்! 1977-ம் ஆண்டு வெளிவந்த 'ஸ்டார் வார்ஸ்' என்ற அமெரிக்கப் படத்தில் கதாநாயகன் ஏந்திய ஆயுதம்.

இந்த வாள் யாரையும் வெட்டாது. ஆனாலும் இதன் மேல் ஆசை கொண்டவர்கள் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் ஏராளம். பிரான்சில், 2019-ம் ஆண்டு வாட்போர் சம்மேளனம் ஒளி வாள் சண்டையை ஒரு போட்டியாகவே ஏற்றுக் கொண்டது!

கடையில் வாங்கித் திருப்தி அடையாத பலர், பாகங்களை வாங்கித் தாங்களே வாள் செய்கிறார்கள். முதன்முதலில் செய்தவரும் அப்படித்தான் செய்தார்.

போட்டோ கடையில் கிடைத்தது

அவர் பெயர் ரோஜர் கிறிஸ்டியன். படத்தின் அரங்க அலங்கார நிபுணர்.

விண்வெளி வீரனுக்கு ஏற்ற வாளைத் தேடி அலைந்த அவர், லண்டனில் ஒரு போட்டோ சாமான் கடைக்குப் போனார். அங்கே 'கிராபிளெக்ஸ்' என்ற பழைய பிளாஷ் விளக்கின் கைப்பிடி கிடைத்தது. அமெரிக்கப் பத்திரிகைப் படக்காரர்கள் காமிராவோடு மாட்டிப் பயன்படுத்திய பிடி அது. டார்ச் லைட் போல உள்ளே 3 பாட்டரி போடலாம்.

அதில் கறுப்பு ரப்பர் பட்டைகளை ஒட்டினார். கால்குலேட்டரின் எண் காட்டும் பகுதியிலிருந்து எடுத்த குமிழ்ப் பட்டை ஒன்றைச் செருகினார். இடுப்பில் மாட்ட ஒரு வளையம் சேர்த்தார். அவ்வளவுதான். உலகப் புகழ் பெற்ற வாள் தயார்!

கலை அமைப்புக்காக அந்தப் படம் பெற்ற ஆஸ்கார் பரிசில் அவருக்கும் பங்கு கிடைத்தது.

கிழட்டு வீரராக நடித்த அலெக் கின்னஸின் வாள் இன்னும் வேடிக்கையானது. ஜெட் விமான என்ஜினின் குழாய், முதல் உலகப் போர்க் காலத்துக் குண்டு ஒன்றின் பாகம், தண்ணீர்க் குழாயின் திருகு—எல்லாம் சேர்ந்ததுதான் அது!

வெளிச்சம் பிற்பாடு வந்தது

படத்தில் கண்ட வெளிச்சம் அந்தப் பிடியிலிருந்து வந்ததல்ல. நடிகர்கள் வீசியது ஒளியைத் திருப்பி அனுப்பும் பூச்சு உள்ள கம்பு. பிற்பாடு பிலிமில் ஒவ்வொரு படமாக ஒளி வரைந்து சேர்த்தார்கள்.

இரைச்சலும் தனி. சினிமா புரொஜெக்டர் மோட்டாரின் ரீங்காரத்தையும், டெலிவிஷன் பெட்டியின் இரைச்சலையும் கலந்து, ஒலி நிபுணர் பென் பர்ட் அதை உண்டாக்கினார்.

இப்போது வீட்டில் செய்பவருக்கு அந்த வசதி கிடையாது. விளக்கு, பாட்டரி, ஸ்பீக்கர், சத்தம் எழுப்பும் மின்பலகை, சுவிட்ச்—அத்தனையும் ஒரு குழாய்க்குள் அடங்க வேண்டும்! இங்கேதான் புதியவர்கள் ஏமாந்து போகிறார்கள். அழகான பிடியை முதலில் வாங்கி விடுகிறார்கள். பிறகு உள்ளே இடம் போதவில்லை.

முதலில் காகிதம், பிறகு ரம்பம்

ஆகவே, அனுபவசாலிகள் முதலில் உள் பாகங்களை முடிவு செய்கிறார்கள். அவற்றை உண்மை அளவில் காகிதத்தில் வரிசையாக வரைகிறார்கள்.

ஓர் உதாரணம்: பிடியின் வாயில் ஒளிக் குழாய் இறங்க 5 செ.மீ. விளக்குக்கும் அதன் சூட்டை வாங்கும் உலோகத் துண்டுக்கும் 3 செ.மீ. மின்பலகைக்கு 5 செ.மீ. பாட்டரிக்கு 7 செ.மீ. ஸ்பீக்கருக்கு 2 செ.மீ. ஒயர் வளையவும் திருகாணிக்கும் 3 செ.மீ. ஆக 25 செ.மீ. பிடி 28 செ.மீ. என்றால் மிச்சம் 3 செ.மீ.தான்! சுவிட்ச் எங்கே வரும் என்று தெரியாமல் துளை போட்டால், பிடியே பாழ்.

பழைய கிராபிளெக்ஸ் பிடி கிடைத்தால் அதை அறுப்பது சரியல்ல. அந்தப் பிடிகள் இப்போது உற்பத்தியாவதில்லை. ஒன்றை அறுத்தால், உலகில் ஒன்று குறையும். அதே வடிவத்தில் புதிதாகச் செய்த பிடிகள் விற்கின்றன. அவற்றில் கை வைக்கலாம்.

ஒளிக் குழாய் பெரும்பாலும் 1 அங்குல கனம் உள்ளது. பாலிகார்பனேட் என்ற பிளாஸ்டிக்கே நல்லது. அது அடி தாங்கும். அக்ரிலிக் குழாய் மோதினால் சில்லுச் சில்லாக உடையும். துண்டு கண்ணில் பட்டால் ஆபத்து!

விளக்கு கருகுவது ஏன்?

லிதியம் பாட்டரி முழுதும் சார்ஜ் ஏறியதும் 4.2 வோல்ட் தரும். சிவப்பு விளக்குக்குச் சுமார் 2.2 வோல்ட் போதும். நேராக இணைத்தால் விளக்கு கருகி விடும். நடுவே 'ரெசிஸ்டர்' என்ற தடை வேண்டும்.

கணக்கு எளிது. 4.2-ல் 2.2 போனால் மீதி 2 வோல்ட். 1 ஆம்பியர் மின்சாரம் ஓட வேண்டுமானால், 2 ஓம் தடை தேவை. அதில் 2 வாட் சூடு உண்டாகும். எனவே, அதைவிட அதிகச் சூடு தாங்கும் ரெசிஸ்டரையே போட வேண்டும். சில மின்பலகைகள் இந்த வேலையைத் தாமே செய்து விடும். வாங்கும்போதே கேட்டுக் கொள்வது நல்லது.

உயிரோடு விளையாட்டு

எல்லாவற்றையும்விட முக்கியம் பாட்டரி. பிடி உலோகம். மூடாத ஒயர் அதில் உரசினால் மின்சாரம் குறுக்கே பாயும். பாட்டரி பழுக்கச் சூடாகி, தீப்பற்றலாம். அப்போது அது பையனின் கையில் இருந்தால்?

ஆகவே, பாதுகாப்புச் சுற்று உள்ள பாட்டரியையே வாங்க வேண்டும். மேலுறை கிழிந்ததைப் போடக் கூடாது. பாட்டரி மீது நேராக ஈயப் பற்று வைக்கக் கூடாது. சூட்டில் அது கெட்டு விடும். அதற்கென உள்ள கூட்டில் பாட்டரியைச் செருகுவதே முறை. ஒவ்வோர் இணைப்பையும் பிளாஸ்டிக் குழாயால் மூட வேண்டும். சிறுவர்கள் இந்த வேலையைத் தனியாகச் செய்யக் கூடாது. பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும்.

ஒயர்களை இணைத்ததும் பிடிக்குள் திணித்து விடக் கூடாது. மேஜை மீது பரப்பி, சிவப்பு ஒயரும் கறுப்பு ஒயரும் இடம் மாறியிருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். விளக்கு எரிகிறதா, ஸ்பீக்கர் இரைகிறதா, ரெசிஸ்டர் அளவுக்கு மேல் சுடுகிறதா என்று சோதிக்க வேண்டும். விளக்கை நேராக உற்றுப் பார்க்கக் கூடாது. கண் கூசும், கெடுதலும் உண்டு.

எல்லாம் சரியாக இருந்தால் மட்டும், பாகங்களை ஒவ்வொன்றாகப் பிடிக்குள் இறக்கி, திருகாணியை முடுக்கலாம். அதற்குப் பிறகு அறையில் விளக்கை அணைத்து விட்டு, பித்தானை அழுத்த வேண்டியதுதான்!