கரையில் சண்டை வேண்டாம்... வீட்டிலேயே பேசி முடியுங்கள்!



நாலு நாள் லீவு வந்தால் போதும், 'எங்கேயாவது கூட்டிட்டுப் போம்மா' என்று பிள்ளைகள் பிய்த்து எடுப்பது எல்லா வீட்டிலும் நடப்பது தான். எங்களுக்கு, காரைக்கால் கடற்கரை கூப்பிடு தூரம். ஆனால், எத்தனை தடவை தான் அங்கேயே போவது? இந்த முறை என் ஐந்து வயது மகன், 'படகுல ஏறித் தீவுக்குப் போகணும்' என்று ஒரே அடம். அவனுடைய படப் புத்தகத்தில், தண்ணீருக்கு நடுவே ஒரு திட்டும், அதில் ஒரு வீடும் இருக்கிறது. அந்தப் பக்கத்தைத் திறந்து வைத்தபடியே தூங்குவான்.

'தீவுக்கு நான் எங்கேடா போவேன்?' என்று அலுத்துக் கொண்டேன். கூடத்தில் கீரை ஆய்ந்து கொண்டிருந்த என் மாமியார், 'ஏன், திருவாரூர்ல கமலாலயக் குளத்துக்கு நடுவுல நாகநாதர் கோயில் இருக்கே... நாலு பக்கமும் தண்ணி. அதுவும் தீவு தானே?' என்றார்.

எனக்குத் தூக்கி வாரிப் போட்டது. இத்தனை வருஷமாகத் தேரும், தியாகராஜர் தரிசனமுமாகப் போய் வருகிற ஊர், எனக்குத் தோன்றவில்லையே! பிள்ளைகள் அப்போதே குதிக்க ஆரம்பித்து விட்டனர்.

எனக்கு மட்டும் வயிற்றில் புளியைக் கரைத்தது. காரணம் இருக்கிறது.

மூன்று வருஷத்துக்கு முன், வெளியூரில் ஓர் ஏரிக்குப் போயிருந்தோம். ஊர் பெயர் வேண்டாம். சொந்தக்காரர்கள் எல்லாம் சேர்ந்து பெரிய கூட்டம். எல்லாரும் ஒரே படகில் ஏறினர். 'இவ்வளவு பேரா?' என்று எனக்கு உறுத்தியது. லைப் ஜாக்கெட் ஒருவருக்கும் இல்லை. வாயைத் திறந்து கேட்கலாம் தான். ஆனால், பெரியவர்கள் எல்லாம் சந்தோஷமாக இருக்கும்போது, 'இவ ஒருத்தி எப்ப பார்த்தாலும் அபசகுனமா பேசுவா' என்று சொல்லி விடுவார்களோ என்று வாயை மூடிக் கொண்டேன். பைகளைப் பார்த்துக் கொள்ள ஆள் வேண்டுமே... நான் கரையிலேயே உட்கார்ந்து விட்டேன்.

பாதி தூரத்தில் யாரோ, 'அங்க பாரு, கொக்கு!' என்று கத்தியிருக்கிறார்கள். அத்தனை பேரும் ஒரு பக்கமாகச் சாய, படகும் சாய்ந்து தண்ணீர் உள்ளே அடித்தது. படகுக்காரர் சத்தம் போட்டு எல்லாரையும் உட்கார வைத்தார். ஒன்றும் ஆகவில்லை, எல்லாரும் சிரித்துக் கொண்டே தான் இறங்கினர். ஆனால், கையில் சாப்பாட்டுப் பையோடு கரையில் நின்று, என் இரண்டு பிள்ளைகள் இருந்த படகு சாய்வதைப் பார்த்தவள் நான். அந்த இரண்டு நிமிஷத்தை இன்றைக்கும் மறக்க முடியவில்லை.

நமக்கு ஆகவில்லை, ஆனவர்கள் எத்தனை பேர்! 2009 செப்டம்பர் 30ல் தேக்கடி ஏரியில் சுற்றுலாப் படகு கவிழ்ந்து, 45 பேர் இறந்தனர். விலங்குகளைப் பார்க்க எல்லாரும் ஒரே பக்கம் திரண்டதும் ஒரு காரணம் என்றார்கள். 2011ல், கிறிஸ்துமஸ் தினத்தன்று, பழவேற்காடு ஏரியில் நம்மைப் போலவே குடும்பத்தோடு உல்லாசமாகப் போனவர்களின் படகு கவிழ்ந்து, 22 பேர் போய் விட்டனர். 2023 மே மாதம், கேரளா தானூரில் மறுபடியும் 22 பேர். அதிலும் பிள்ளைகள் அதிகம். காலையில் கட்டுச் சோறு கட்டிக் கொண்டு புறப்பட்ட குடும்பங்கள் தானே அத்தனையும்?

அதனால், 'படகே வேண்டாம்' என்று சொல்லி விடலாமா என்று ஒரு ராத்திரி முழுக்க யோசித்தேன். தண்ணீரைச் சுற்றி வாழ்கிற ஊர் நம்முடையது. பிள்ளையைத் தண்ணீர் பக்கமே விடாமல் எத்தனை நாள் வளர்ப்பது? பயந்து ஒதுங்குவதை விட, முறையாகப் போக வேண்டியது தான் என்று முடிவு செய்தேன். ஒன்று மட்டும் புரிந்தது... அன்றைக்கு நான் பேசாமல் இருந்ததற்குக் காரணம், பேசிய இடம் கரையாக இருந்திருக்கும் என்பது தான். படகு தயாராக நிற்கும்போது, பத்துப் பேர் முன்னால் மறுத்துப் பேசுவது நம் வீட்டுப் பெண்களுக்கு லேசான காரியமா?

எனவே, புறப்படுவதற்கு இரண்டு நாள் முன், ராத்திரி சாப்பாடு முடிந்ததும் எல்லாரையும் உட்கார வைத்தேன். நாத்தனாரும், அவர் பிள்ளைகளும் பொங்கலுக்கு வந்திருந்தனர். 'என்னங்க, டிபன் என்ன, டிரஸ் என்னன்னு அப்புறம் பேசிக்கலாம். முதல்ல படகைப் பத்திப் பேசிடுவோம்' என்று ஆரம்பித்தேன்.

நாத்தனார் சிரித்து விட்டார். 'அண்ணி, கோயில் குளத்துக்குப் போறதுக்குப் போய் இவ்வளவு ஏற்பாடா?' என்றார். மூன்று வருஷத்துக்கு முந்தைய கதையை அப்போது தான் முதன்முதலாகச் சொன்னேன். என் வீட்டுக்காரர் முகம் மாறி விட்டது. 'இதை ஏன் அன்னிக்கே சொல்லல?' என்றார். 'அன்னிக்குச் சொல்ல முடியாதுன்னு தாங்க இன்னிக்கே சொல்றேன்' என்றேன். மாமியார், 'அவ சொல்றபடியே செய்யுங்க' என்று முடித்து வைத்தார்.

அன்று ராத்திரி நாங்கள் முடிவு செய்தது இவ்வளவு தான்:

* படகில் ஏறுகிற ஒவ்வொருவருக்கும் லைப் ஜாக்கெட். பெரியவர்கள் ஜாக்கெட்டைப் பிள்ளைக்கு மாட்டினால், தண்ணீரில் அது கழுத்துக்கு மேல் ஏறி விடும். பிள்ளை கீழே நழுவி விடும். மாட்டி, வாரை இறுக்கியதும், தோள் பட்டையைப் பிடித்து மேலே தூக்கிப் பாருங்கள். காது வரை வந்தால், அது அந்தப் பிள்ளைக்குப் பெரிசு என்று அர்த்தம். பிள்ளைக்குப் பொருந்துகிற ஜாக்கெட் இல்லை என்றால், பிள்ளை படகில் ஏறாது.

* 'மடியில் வைத்துக்கொள்கிறேன்' என்பது கணக்கில் சேராது. கவிழ்கிற நேரத்தில் யார் மடி, யார் கை?

* எல்லாரும் ஒரே நடையில் போகக் கூடாது. இரண்டு கூட்டமாகப் பிரிந்து போவது. ஒரு கூட்டம் போகும்போது, இன்னொன்று பையைப் பார்த்துக் கொள்ளும். (இதில் எனக்குச் சுயநலமும் உண்டு தோழிகளே... இந்தத் தடவையாவது நானும் படகில் ஏற வேண்டாமா?)

* ஒரு பிள்ளைக்கு ஒரு பெரியவர் பொறுப்பு. 'எல்லாரும் பார்த்துக்குவோம்' என்றால், ஒருவரும் பார்ப்பதில்லை. தண்ணீரில் விழுந்த பிள்ளை, சினிமாவில் வருகிற மாதிரி கத்திக் கூப்பிடாது. சத்தமே இல்லாமல் முங்கி விடும். படிக்கட்டில் கூடக் கண்ணை எடுக்கக் கூடாது.

* படகில் யாரும் எழுந்து நிற்கக் கூடாது. போட்டோ எல்லாம் கரையில் தான்.

* முக்கியமானது... எங்களில் யாராவது ஒருவர், 'எனக்கு மனசு சரியில்லை' என்று சொன்னால், படகு ரத்து. ஏன், எதற்கு என்று கேட்கக் கூடாது. பிறகு குத்திக் காட்டவும் கூடாது.

என் ஒன்பது வயது மகள், இதையெல்லாம் ரூல் போட்ட நோட்டில் எழுதி, சுவரில் ஒட்டி விட்டாள்.

அதற்குப் பிறகு தான் மற்ற ஏற்பாடு. காலம் பார்ப்பதும் முக்கியம். மேட்டூர் அணையை வழக்கமாக ஜூன் 12ல் திறப்பார்கள் என்றாலும், நம் கடைமடைக்குத் தண்ணீர் வந்து சேர நாள் பிடிக்கும். ஐப்பசி, கார்த்திகையில் அடைமழை. சித்திரை, வைகாசியில் பிள்ளைகள் வெயிலில் சுருண்டு விடும். தை, மாசி தான் தோது. பொங்கல் முடிந்து வந்த ஞாயிற்றுக்கிழமையைக் குறித்தோம். திருவாரூரில் இருக்கும் உறவினரிடம், குளத்தில் தண்ணீர் இருக்கிறதா, படகு விடுகின்றனரா என்று முதல் நாளே கேட்டுக் கொண்டோம்.

போக வர ரயில் தான். 2011 டிசம்பரில் காரைக்கால் - நாகூர் ரயில் பாதை திறந்தது எங்கள் பக்கத்துக்குப் பெரிய சவுகரியம். நாகூர், நாகப்பட்டினம் வழியாகத் திருவாரூர் சுமார் 40 கிலோ மீட்டர். பஸ்சில் வாந்தி எடுக்கும் பிள்ளைகள், ரயிலில் ஜன்னலோரம் சமர்த்தாக வந்தனர். வரும் ரயில், போகும் ரயில் இரண்டின் நேரத்தையும் முன்னதாகவே ஸ்டேஷனில் கேட்டு எழுதிக் கொள்ளுங்கள்.

சாப்பாட்டுக்கு, காலைக்கு மிளகாய்ப் பொடி தடவிய இட்லி. மதியத்துக்குப் புளி சாதமும், தயிர் சாதமும், வாழையிலைப் பொட்டலமாக. பாத்திரம் சுமக்கிற வேலை இல்லை. புளி சாதத்தை முதல் நாள் ராத்திரியே கிளறி வைத்து விட்டேன். பிள்ளைகளுக்கு ஆளுக்கு ஒரு மாற்று டிரஸ், ஒரு துண்டு, நிறைய குடிதண்ணீர். புடவை நனைந்தால் காலைச் சுற்றிக்கொள்ளும் என்பதால், நானும் நாத்தனாரும் சுடிதார் போட்டுக் கொண்டோம். மாமியார் ஒன்றும் சொல்லவில்லை. 'ரெண்டு பேருக்கும் நல்லாத்தான் இருக்கு' என்றார்!

கோயில் நடையை மதியம் சாத்தி விடுவார்கள் என்பதால், காலையில் முதல் வேலையாகத் தரிசனம். 'கோயில் ஐந்து வேலி, குளம் ஐந்து வேலி' என்று சொல்வார்கள். ஒரு வேலி என்பது ஆறே முக்கால் ஏக்கருக்குக் கொஞ்சம் குறைவு. பெருக்கிப் பார் என்று மகளிடம் சொன்னேன். 33 ஏக்கர் வந்ததும் வாயைப் பிளந்தாள். கன்றுக்குட்டிக்காக மகனையே தண்டித்த மனுநீதிச் சோழனின் கல்தேரைப் பார்த்து, சின்னவன் அரை மணி நேரம் நகரவில்லை. 'கன்னுக்குட்டிக்கு வலிச்சிருக்குமா?' என்று கேட்டுக் கொண்டே இருந்தான்.

பிறகு குளக்கரை. மாமியார் படிக்கட்டில் உட்கார்ந்து, பிள்ளைகளுக்குக் கதை சொன்னார். கண் தெரியாத தண்டியடிகள் நாயனார், கரையிலும் குளத்திலும் கழி நட்டு, கயிறு கட்டி, அதைத் தடவித் தடவியே மண் சுமந்து, இந்தக் குளத்தை ஆழப்படுத்திய கதை. சுந்தரர், விருத்தாசலத்தில் ஆற்றில் போட்ட பொன்னை, இங்கே குளத்தில் எடுத்த கதை. 'ஆத்துல போட்டுட்டுக் குளத்துல தேடுறியேன்னு உங்கம்மா திட்டுறாளே, அது இந்தக் குளம் தான்டா' என்றதும், பிள்ளைகளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அந்தப் பொன்னை உரைத்துப் பார்த்ததாகச் சொல்லப்படும் மாற்றுரைத்த பிள்ளையார், குளக்கரையிலேயே இருக்கிறார்.

படகுக்கு வந்தோம். தண்ணீரைப் பார்த்ததும் பேசியது மறந்து போகும் போலிருக்கிறது... நாத்தனார், 'எல்லாரும் ஒண்ணாவே போயிடலாமே, ஜாலியா இருக்கும்' என்றார். எனக்குத் திக்கென்றது. நான் வாயைத் திறப்பதற்குள் என் மகள், 'அத்தை, ரூல் நம்பர் மூணு!' என்றாள். நாத்தனார் காதைப் பிடித்துக் கொண்டு, 'சரிம்மா டீச்சர்' என்றார். படகுக்காரரும், 'பாப்பா சொல்றது தாங்க சரி. ரெண்டு நடையா போங்க, நான் எங்கேயும் ஓடிட மாட்டேன்' என்று சிரித்தார். ஜாக்கெட்டை மாட்டி, இறுக்கி, தோளைத் தூக்கிப் பார்த்து ஏற்றினோம். சண்டை இல்லை, முகம் சுளிப்பு இல்லை.

முதல் நடையில் நாத்தனார் குடும்பமும், என் மகளும். இரண்டாவது நடையில் நான், என் வீட்டுக்காரர், சின்னவன், மாமியார். இத்தனை வருஷ உல்லாசப் பயணங்களில், கையில் பை இல்லாமல் நான் உட்கார்ந்தது அது தான் முதல் தடவை! தண்ணீர் மேல் காற்று வந்தது. மாமியார், ஜாக்கெட்டைத் தடவிப் பார்த்து, 'நல்லா மெத்தை மாதிரி இருக்குடி' என்றார்.

நடுக்கோயிலில் இறங்கியதும் சின்னவன் சுற்றிச் சுற்றிப் பார்த்தான். நாலு பக்கமும் தண்ணீர். 'அம்மா, வீடு?' என்றான். 'இதோ... சாமி வீடு' என்றேன். திருப்தியாகத் தலையை ஆட்டினான். ராத்திரி திரும்பியதும், புத்தகத்தைத் திறந்து, அந்தப் படத்துக்குப் பக்கத்தில் பென்சிலால் ஒரு கோபுரம் வரைந்து விட்டுத் தான் தூங்கினான்.

போன வாரம், பக்கத்து வீட்டு அக்கா பிச்சாவரம் போவதாகச் சொன்னார். சுவரிலிருந்த அந்தத் தாளைக் கழற்றிக் கொடுத்து அனுப்பினேன்.

தோழிகளே... புளி சாதத்துக்கு உப்பு குறைந்தால் சமாளித்து விடலாம்; ரயிலை விட்டால் பஸ் இருக்கிறது. படகு விஷயத்தில் மட்டும், புறப்படுவதற்கு முன் வீட்டில் உட்கார்ந்து எல்லாருமாகப் பேசி விடுங்கள். வீட்டில் பேசி முடித்ததை, கரையில் ஒரு குழந்தை கூட எடுத்துச் சொல்லி விடும்!

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, நெரவி.