ஃபியூஸ் கேரியருக்கு ஒரு வெப்சைட்

விருத்தாசலம் என்றால் ரயிலில் போகிறவர்களுக்கு ஜங்ஷன். கோயிலுக்குப் போகிறவர்களுக்குப் பழமலைநாதர். எலக்ட்ரிக்கல் கடைக்காரர்களுக்கோ வெள்ளைப் பீங்கான் ஃபியூஸ். கரண்ட் போனதும் மீட்டர் பெட்டியைத் திறந்து இழுத்துப் பார்ப்போமே, அந்தக் ‘கிட்காட்’ இவ்வூர் செராமிக் தொழிற்பேட்டையின் நெடுநாள் சரக்கு. பக்கத்து நெய்வேலியில் பழுப்பு நிலக்கரியைத் தோண்டும்போது வெளிப்படும் வெண்களிமண்ணும், பீங்கான் தொழில்நுட்பத்தில் டிப்ளமோ தரும் அரசு கல்வி நிலையமும், சென்னை, திருச்சி, சேலம், கடலூர் என்று பிரியும் ரயில் பாதைகளும் அந்தத் தொழிலுக்குத் துணை நின்றன.

பிறகு வீடுகளுக்கு எம்சிபி ஸ்விட்ச் வந்தது. கம்பி சுற்றும் ஃபியூஸின் கிராக்கி குறைந்தது. பொம்மை, அகல்விளக்கு எனச் சந்தையில் போகிற சரக்கு எதுவோ அதையும் வார்க்க வேண்டியதாயிற்று. பழைய மொத்த வியாபாரிகளை மட்டும் நம்பி இனி ஓட்ட முடியாது. புதியவர்களோ முதலில் போனில்தான் தேடுகிறார்கள். இந்த இடத்தில்தான் சிறுநகர வெப் ஏஜென்சிக்கு வேலை வருகிறது. மாடியில் ஓர் அறை, நாலைந்து கம்ப்யூட்டர், டிசைன் பார்க்க ஒருவர், கோடு எழுத ஒருவர், ஆர்டர் பிடிக்கவும் பாக்கி வசூலிக்கவும் பைக்கில் அலையும் முதலாளி. இந்தத் தொழிலின் வழக்கமான அமைப்பு இவ்வளவுதான்.

வெளியிலிருந்து பார்த்தால் கோடு எழுதுவதுதான் பெரிய வேலை என்று தோன்றும். அதில் பெரும்பகுதியை 2003-இல் வந்த வேர்ட்பிரஸ் எளிதாக்கிவிட்டது. இன்று உலகின் வெப்சைட்டுகளில் 40 சதவீதத்துக்கும் மேல் அதில்தான் ஓடுகின்றன. கழுத்தைப் பிடிப்பது கன்டென்ட். ‘எல்லாம் நீங்களே பாத்துப் போட்டுடுங்க தம்பி’ என்பார் பட்டறை உரிமையாளர். தம்பியும் வேறொரு தளத்தைப் பார்த்து ‘முன்னணி உற்பத்தியாளர், தரமே எங்கள் தாரக மந்திரம்’ என்று போட்டுவிடுவார். கோவில்பட்டி தீப்பெட்டி முதல் லூதியானா ஸ்வெட்டர் வரை எல்லோர் தளத்திலும் இருக்கும் இந்த வாசகத்தைப் படித்து எவரும் ஒரு டஜன் ஃபியூஸ்கூட வாங்கப் போவதில்லை.

வாங்குகிறவர் கேட்பது வேறு. 16 ஆம்பியரா, 32-ஆ, 63-ஆ? உள்ளே இருக்கும் தகடு பித்தளையா, செம்பா? திருகாணித் துளைகளுக்கு நடுவே இடைவெளி எத்தனை மில்லிமீட்டர்? ஐஎஸ் 2086 தரத்துக்கு உட்பட்டதா? ஒரு பெட்டியில் எத்தனை? இதில் பாதிக்குமேல் எந்தக் காகிதத்திலும் இருக்காது, உரிமையாளரின் தலைக்குள் இருக்கும். அளவு விஷயத்தில் இன்னொரு சிக்கல். ஆயிரம் டிகிரிக்கு மேல் சூளையில் வேகும் பீங்கான், பச்சையாக இருந்ததைவிடப் பத்து சதவீதம் அளவுக்கோ அதற்கு மேலோ சுருங்கும். அச்சின் அளவைப் பக்கத்தில் ஏற்றினால் வாங்கியவரின் பலகையில் துளை பொருந்தாது. சுட்ட பிறகு எடுத்த அளவுதான் வேண்டும். இதைக் கேட்டு வாங்கத் தெரிந்த பையன், பத்து டெம்ப்ளேட் தெரிந்தவனைவிட ஏஜென்சிக்கு லாபம்.

படம் எடுப்பதும் லேசுப்பட்டதல்ல. ஆன்லைன் கடைகள் வெள்ளைப் பின்னணி கேட்கும், சரக்கும் வெள்ளை. பளபளக்கும் மேல்பூச்சில் ட்யூப்லைட் அப்படியே தெரியும். விளக்கை மெல்லிய துணியால் மறைத்து, இரு பக்கமும் கறுப்பு அட்டை நிறுத்தினால்தான் பொருளின் விளிம்பு பிரிந்து வரும். தமிழ்ப் பக்கம் கேட்டால் அது தனிப் பாடு. அச்சகத்திலிருந்து வரும் பழைய நோட்டீஸ் பாமினியிலோ வானவில்லிலோ இருக்கும். தமிழக அரசு 2010-இலேயே யூனிகோடைத் தரமாக ஏற்றுக்கொண்டும், டிடிபி மேசைகளை விட்டுப் பழைய எழுத்துருக்கள் இன்னும் முழுக்கப் போகவில்லை. மாற்றி ஒட்டி, பிழை திருத்தி முடிப்பதற்குள் ஒரு நாள் ஓடிவிடும். அதற்கு யாரும் பில் போடுவதில்லை.

இப்படிச் சில்லறை வேலையில் தொடங்கிய பெரிய பெயர்கள் உண்டு. இந்தியாவில் பொதுமக்களுக்கு இணையம் வந்தது 1995 ஆகஸ்ட் 15-இல். மறு ஆண்டே தினேஷ் அகர்வால் தொடங்கிய இந்தியாமார்ட், ஏற்றுமதியாளர்களுக்கு வெப்பக்கம் அமைத்துக் கொடுத்துத்தான் பிழைத்தது. அந்தப் பக்கங்களின் வழியே மெயிலில் விசாரணை வரும். ஆனால் பக்கத்தின் சொந்தக்காரரிடம் இணைய இணைப்பு இருக்காது. பிரிண்ட் எடுத்து ஃபேக்ஸிலோ தபாலிலோ அனுப்பி வைத்தார்கள். வாடிக்கையாளர் காசு கொடுத்தது பக்கத்தின் அழகுக்கு அல்ல, அந்தக் காகிதத்துக்கு. 2019-இல் அந்த நிறுவனம் பங்குச் சந்தைக்கே வந்தது. அமெரிக்காவில் சிகாகோவின் 37சிக்னல்ஸும் 1999-இல் வெப் டிசைன் கடையாகத் தொடங்கியதுதான். கிளையன்ட் வேலைகளை ஒழுங்குபடுத்தத் தனக்கென்று எழுதிய பேஸ்கேம்ப் மென்பொருளை 2004-இல் விற்பனைக்கு விட்டது. பிறகு கிளையன்ட் வேலையையே கைவிட்டது.

எல்லோருக்கும் அந்த வழி திறக்காது. திறக்க வேண்டியதும் இல்லை. சிறு ஊரில் உட்கார்ந்து வெளியூருக்கு வேலை செய்ய முடியும் என்பது தமிழ்நாட்டில் ஏற்கெனவே தெரிந்துபோன சங்கதி. தென்காசி அருகே மத்தளம்பாறையில் 2011 முதல் மென்பொருள் நிறுவனமான ஜோஹோ இயங்குகிறது. ஜவுளிக்குப் பெயர்போன கரூரிலும் வெப், மொபைல் செயலிகள் செய்து தருகிறார்கள். உள்ளூர்ப் பட்டறைக்காரரை மட்டும் நம்பும் ஏஜென்சிக்கோ வேறு கணக்கு: தளம் போட்டுக் கொடுக்கும்போது வரும் தொகை அந்த மாத வாடகையோடு தீரும், ஆண்டுதோறும் வரும் ரினியூவல்தான் சம்பளத்துக்கு ஆகும்.

அந்த ரினியூவலில்தான் வம்பும் வருகிறது. அவசரத்துக்கு டொமைனை ஏஜென்சி தன் பெயரிலேயே பதிந்துகொள்வதுண்டு. பணத் தகராறு வந்தாலோ கடையை மூடிவிட்டுப் போனாலோ, கார்டிலும் அட்டைப்பெட்டியிலும் அச்சடித்த முகவரி பட்டறைக்காரரின் கையில் இருக்காது. டாட் இன் முகவரிகளை நிர்வகிப்பது நிக்ஸி என்ற அமைப்பு. ஆனால் பதிவுக் கணக்கு யார் பெயரில் இருக்கிறதோ அவரைத்தான் பதிவு நிறுவனம் உரிமையாளராகக் கொள்ளும். ஆகவே முன்பணம் கொடுக்கும் அன்றே டொமைனைத் தன் பெயரில், தன் மெயில் முகவரியில், தன் போன் எண்ணில் பதியச் சொல்லி, பாஸ்வேர்டை ஜிஎஸ்டி ஃபைலிலேயே எழுதி வைத்துக்கொள்வது பட்டறைக்காரருக்கு நல்லது. இதற்கு முகம் சுளிக்கிற ஏஜென்சியிடம் முன்பணம் கொடுக்காமல் திரும்பிவிடலாம்.