ஏடிஎம் பணமும் இருபது வளைவு ஏறித்தான் வருகிறது

சேலத்தில் அஸ்தம்பட்டி, கோரிமேடு தாண்டி அடிவாரம் வந்துவிட்டால் ஏற்காட்டுக்கு 20 கொண்டை ஊசி வளைவுகள். காரில் போகிறவர்கள் ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டே ஏறுவார்கள். மேலே ஏற்காட்டின் ஒண்டிக்கடைப் பக்கம் அவர்கள் எடுக்கப்போகும் ஐந்நூறு ரூபாய்த் தாளும் இதே வளைவுகளைச் சுற்றித்தான் ஏறியிருக்க வேண்டும். குப்பனூர் வழியாக இன்னொரு பாதை உண்டு, அதுவும் மலைப்பாதைதான். ஏற்காட்டில் ஏடிஎம் இருக்கிறதா என்று கேட்டால், தாராளமாக இருக்கிறது. நீங்கள் போய் நிற்கும் நேரத்தில் அதில் பணம் இருக்குமா என்பதுதான் கேள்வி.

ஏடிஎம் பெட்டிக்குள் பொதுவாக நான்கு கேசட்டுகள் இருக்கும். ஒரு கேசட்டில் சுமார் 2,000 முதல் 2,500 தாள்கள் அடங்கும். 500 ரூபாய்த் தாள்கள் 2,000 வைத்தால் பத்து லட்சம் ரூபாய். பெரிய தொகைதான். ஆனால் ஆளுக்கு ஐயாயிரம் எடுத்தால் 200 பேரோடு அந்தக் கேசட் காலி. மே மாதக் கோடை விழாவில் அண்ணா பூங்கா மலர்க் கண்காட்சிக்கு வரும் கூட்டத்துக்கு முன்னால் 200 பேர் எம்மாத்திரம்? எல்லாக் கேசட்டையும் வங்கிகள் முட்ட நிரப்புவதும் இல்லை. பெட்டிக்குள் சும்மா கிடக்கும் பணம் வங்கிக்கு வட்டி சம்பாதித்துத் தராது.

காலியானால் உடனே நிரப்ப வேண்டியதுதானே என்பீர்கள். கிளையை ஒட்டிய ஏடிஎம் என்றால் பெரும்பாலும் கிளை ஊழியர்களே பணம் வைப்பார்கள். ஞாயிறும், இரண்டாம், நான்காம் சனிக்கிழமைகளும் கிளைக்கு விடுமுறை. சுற்றுலாக் கூட்டம் வருவதும் அதே நாட்களில்தான். தனியாக நிற்கும் ஏடிஎம் என்றால் பண வண்டி வர வேண்டும். இதற்கு மத்திய உள்துறை அமைச்சகம் 2018இல் வகுத்த விதிகள் இருக்கின்றன. நகரங்களில் இரவு 9 மணிக்கு மேல் ஏடிஎம்மில் பணம் நிரப்பக் கூடாது. ஊரகப் பகுதிகளில் மாலை 6 மணிக்கு மேல் கூடாது. வண்டியில் ஓட்டுநர், ஆயுதம் ஏந்திய காவலர் இருவர், பணம் வைக்கும் ஊழியர் இருவர் இருக்க வேண்டும். ஐந்து பேரையும் ஒரு வண்டியையும் மலையேற்றி இறக்குவதற்கு ஆகும் நேரத்தில் சேலம் நகருக்குள் எத்தனையோ ஏடிஎம்களை நிரப்பிவிடலாம். எப்படிப் பார்த்தாலும் சனிக்கிழமை இரவு பத்து மணிக்குக் காலியான பெட்டி மறுநாள் விடியும் முன் நிரம்பாது.

பணம் இல்லாமல் ஏடிஎம்மைப் போட்டுவைத்தால் வங்கிக்கு அபராதம் உண்டு. ஒரு மாதத்தில் மொத்தம் பத்து மணி நேரத்துக்கு மேல் காலியாக இருந்தால், ஓர் இயந்திரத்துக்கு 10,000 ரூபாய் என்று ரிசர்வ் வங்கி அறிவித்தது. 2021 அக்டோபர் 1 முதல் நடைமுறை. நல்ல விதிதான். ஆனால் மலையில் ஒரே ஒரு வார இறுதிக்குள் அந்தப் பத்து மணி நேரம் தீர்ந்துவிடக்கூடும். அதற்காகக் கூடுதலாக ஒரு நடை வண்டி அனுப்புவதா, அபராதம் கட்டுவதா என்று கணக்குப் பார்ப்பவர் சேலத்திலோ சென்னையிலோ உட்கார்ந்திருப்பார்.

2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழை கொட்டியபோது மலைப்பாதையில் மண் சரிந்து போக்குவரத்து நின்றது. அப்படிப்பட்ட நாளில் சாலை மட்டும் போவதில்லை. மின்கம்பியும் போகும், செல்போன் கோபுரமும் போகும். ஏடிஎம்முக்கு இந்த மூன்றும் வேண்டும்.

சாதாரண நாளிலேயே சிக்னல் கிடைப்பது பெரும்பாடு. ஸ்டேட் வங்கி ஏடிஎம்மில் அதே வங்கியின் கார்டைப் போட்டு 10,000 ரூபாயோ அதற்கு மேலோ எடுத்தால், பதிவு செய்த செல்போனுக்கு ஓடிபி வரும். 2020 செப்டம்பர் 18 முதல் 24 மணி நேரமும் இதுதான் முறை. போனை எஸ்டேட் விடுதியில் சார்ஜில் போட்டுவிட்டு வந்தவர் ஏடிஎம் முன்னால் திருதிருவென விழிக்க வேண்டியதுதான். 9,500 என்று அழுத்தினால் ஓடிபி கேட்காது. ஏடிஎம்மும் தன் வங்கியின் சர்வருடன் பேசியாக வேண்டும். அந்தத் தொடர்பு நடுவில் அறுந்தால் கணக்கில் பணம் கழிந்து கையில் தாள் வராத கூத்து நடக்கும்.

அப்படி நடந்தால் பதற வேண்டாம். 2019இல் ரிசர்வ் வங்கி போட்ட உத்தரவுப்படி, அந்தத் தொகை ஐந்து நாட்களுக்குள் தானாகக் கணக்குக்குத் திரும்ப வேண்டும். தாண்டினால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு. வாடிக்கையாளர் கேட்காமலே வங்கி தர வேண்டும். ஏடிஎம் யாருடையதாக இருந்தாலும் புகாரைக் கார்டு கொடுத்த வங்கியிடம் சொல்லுங்கள். சீட்டு வந்திருந்தால் கசக்கி எறியாதீர்கள். வராவிட்டால் குறுஞ்செய்தியை அழிக்காதீர்கள், இயந்திரத்தில் ஒட்டியிருக்கும் எண்ணைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். முப்பது நாளாகியும் வங்கி பதில் தராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். விவரம் கேட்க 14448.

கட்டணத்தையும் சொல்லிவிடலாம். ஏற்காடு பெருநகரம் அல்ல என்பதால் பிற வங்கி ஏடிஎம்களில் மாதம் ஐந்து முறை இலவசம். பாக்கி எவ்வளவு என்று பார்ப்பதும் அந்த ஐந்தில் ஒன்று. அதற்கு மேல் 2025 மே 1 முதல் ஒவ்வொரு முறையும் 23 ரூபாய் வரை, ஜிஎஸ்டி தனி. பணம் இல்லாமலோ இணைப்பு இல்லாமலோ இயந்திரம் கைவிரித்தால் அது கணக்கில் சேராது.

ஜிபே இருக்கிறதே, ரொக்கம் எதற்கு? ஏரிக்கரையில் பஜ்ஜிக் கடைக்காரர்கூடக் க்யூஆர் அட்டை வைத்திருக்கிறார், உண்மைதான். ஊரைச் சுற்றிவரும் சுமார் 32 கிலோமீட்டர் லூப் ரோட்டில் போய்ப் பாருங்கள். மலை ஆரஞ்சு விற்கும் அம்மாவிடமும் அட்டை இருக்கலாம், உங்கள் போனில் சிக்னல் இருக்காது. கார்டு இல்லாமல் யுபிஐ மூலம் ஏடிஎம்மில் பணம் எடுக்கும் வசதியும் உண்டு. அதற்கும் போனில் நெட் வேண்டும்.

இந்த விஷயத்தில் சுற்றுலாப் பயணி படும் பாட்டைவிட எனக்கு உறுத்துவது வேறொன்று. நாகலூர், வெள்ளக்கடை, கொட்டச்சேடு போன்ற ஊர்களில் இருக்கும் மலையாளிப் பழங்குடியினருக்கும் எஸ்டேட் கூலிக்காரர்களுக்கும் இதே ஏடிஎம்கள்தான். மாதம் 15ஆம் தேதி வாக்கில் மகளிர் உரிமைத் தொகை ஆயிரம் ரூபாய் ஏறும். அதை எடுக்கப் பஸ் ஏறி வரும் பெண், வெளியூர்க் கார்கள் காலி செய்துவிட்டுப் போன இயந்திரத்தின் முன் நின்றால் பஸ் காசும் போச்சு, அரை நாள் கூலியும் போச்சு.

உள்ளூர்க்காரருக்கும் பயணிக்கும் இடையிலான இந்த வேறுபாடு வேறோர் இடத்தில் விதியாகவே இருந்தது. 2015 ஜூன் இறுதியில் கிரீஸில் வங்கிகள் மூடப்பட்டபோது, உள்ளூர்க்காரர்கள் ஏடிஎம்மில் நாளொன்றுக்கு 60 யூரோதான் எடுக்கலாம் என்றார்கள். வெளிநாட்டுக் கார்டுகளுக்கு அந்த வரம்பு இல்லை. கிரேக்கத் தீவுக்குக் கப்பலில் வரும் அதே நோட்டுக்குத் தீவுக்காரர் வரிசையில் நிற்க, பயணி அதைவிட அதிகம் எடுக்கலாம். ஏற்காட்டில் யாரும் அப்படி விதி போடவில்லை. கணக்கு மட்டும் அப்படியே பொருந்துகிறது.

உள்ளூர்க்காரர்களுக்கு இன்னொரு வழி உண்டு. ஆதார் இணைத்த கணக்கு எந்த வங்கியில் இருந்தாலும், அஞ்சல்துறை பேமெண்ட்ஸ் வங்கியின் கருவியில் விரல் வைத்துத் தபால்காரரிடமே பணம் வாங்கலாம். ஒரு முறைக்கு 10,000 ரூபாய் வரை. வேலை செய்து தேய்ந்த ரேகை சில கைகளுக்குப் பதிவதில்லை என்பது அதன் குறை. தபால்காரர் பையிலும் அன்றைக்கு அவ்வளவு ரொக்கம் இருக்க வேண்டும்.

கீழிருந்து வருகிறவர்கள் சேலத்திலேயே எடுத்துக்கொண்டு ஏறுவதுதான் சரி. புதிய பஸ் நிலையத்தில் தொடங்கி கோரிமேடு வரை வழிநெடுக ஏடிஎம்கள் இருக்கின்றன. ஒன்று காலியானால் அடுத்தது. எல்லாவற்றையும் ஐந்நூறாக எடுக்காதீர்கள். ஏடிஎம்களில் ஒரு கேசட்டிலாவது 100 அல்லது 200 ரூபாய்த் தாள் இருக்க வேண்டும், 2026 மார்ச்சுக்குள் 90 சதவீத ஏடிஎம்களில் இது நடக்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2025 ஏப்ரலில் சொன்னது. 4,800 என்று அழுத்திப் பாருங்கள். சின்னத் தாள் இருந்தால் கொஞ்சம் கலந்து வரும், இல்லாவிட்டால் ஐந்நூறின் மடங்காகக் கேட்கும். அப்போது கோரிமேட்டில் ஒரு டீ குடித்து மாற்றிக்கொள்ளலாம்.