தகடு வெட்டும் கத்தரி

பெங்களூரில் ஸ்ரீராம்புரம் என்று ஓர் இடம் இருக்கிறது. அங்கே தமிழ் பேசும் உழைப்பாளிகள் பலர் வாழ்கிறார்கள். பக்கத்திலேயே ராஜாஜி நகர் தொழிற்பேட்டை. சற்றுத் தள்ளி பீன்யா தொழிற்பேட்டை. 2014 மார்ச் மாதம் முதல் ஸ்ரீராம்புரத்திலிருந்து பீன்யாவுக்கு மெட்ரோ ரயிலும் போகிறது.

இந்தப் பகுதிப் பட்டறைகளில் தகட்டு வேலை நடக்கிறது. பீரோ, மின்சாரப் பெட்டி, அலமாரி எல்லாம் தகட்டில் செய்பவைதான். தகடு பெரும்பாலும் 8 அடி நீளமும் 4 அடி அகலமும் உள்ள ஷீட்டாக வரும். அதை முதலில் அளவுக்கு வெட்ட வேண்டும். அதற்குத்தான் ஷியரிங் மிஷின்.

எப்படி வெட்டுகிறது?

இது ஒரு பெரிய கத்தரிக்கோல். கீழே ஒரு பிளேடு அசையாமல் இருக்கும். மேல் பிளேடு இறங்கி வரும். இரண்டுக்கும் நடுவில் தகடு இருக்கும்.

மேல் பிளேடு முதலில் தகட்டை அழுத்தும். பிறகு கொஞ்ச தூரம் உள்ளே இறங்கும். அதற்கு மேல் தகடு தாங்காது. மீதிக் கனம் தானாக உடைந்து பிரியும். வெட்டிய ஓரத்தைப் பாருங்கள். ஒரு பாகம் பளபளப்பாக இருக்கும். அது பிளேடு வெட்டிய இடம். இன்னொரு பாகம் மங்கலாக, சொரசொரப்பாக இருக்கும். அது உடைந்த இடம்.

மேல் பிளேடு ஏன் சாய்வாக இருக்கிறது? 8 அடி நீளத்தையும் ஒரே நேரத்தில் வெட்டுவதாக வைத்துக்கொள்வோம். 16 கேஜ் இரும்புத் தகட்டுக்கே 100 டன்னுக்கு மேல் அழுத்தம் வேண்டும். பிளேடு சாய்வாக இருந்தால் ஒரு முனையில் தொடங்கிக் கொஞ்சம் கொஞ்சமாக வெட்டும். குறைந்த அழுத்தமே போதும்.

இடைவெளி முக்கியம்

தையல் கத்தரியின் திருகு தளர்ந்தால் என்ன ஆகும்? துணி வெட்டுப்படாது. நடுவில் மடங்கிக்கொள்ளும். தகடும் அப்படித்தான். இரண்டு பிளேடுக்கும் நடுவே இடைவெளி அதிகமானால் ஓரம் வளையும். பிசிறு நிறைய வரும். அந்தப் பிசிறு கையைக் கிழிக்கும். இடைவெளி மிகவும் குறைந்தால் பிளேடு சீக்கிரம் தேயும். பொதுவாகத் தகட்டின் கனத்தில் 100-க்கு 5 முதல் 10 பங்கு இடைவெளி வைப்பார்கள்.

கேஜ் எண் கூடினால் தகட்டின் கனம் குறையும். 16 கேஜ் என்றால் சுமார் 1.6 மில்லி மீட்டர். 20 கேஜ் என்றால் சுமார் 0.9 மில்லி மீட்டர்.

விரல் பத்திரம்

இரும்பையே வெட்டும் பிளேடு விரலை விடுமா? பிளேடுக்கு முன்னால் தகட்டை அழுத்திப் பிடிக்கும் கால்கள் இருக்கும். அவையும் விரலை நசுக்கிவிடும். ஆகவே மிஷினுக்கு முன்னால் தடுப்பு இருக்க வேண்டும். ஆபத்தான மிஷின்களுக்குத் தடுப்பு வேண்டும் என்று 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டமே சொன்னது. வேலை வேகமாக நடக்கட்டும் என்று அதைக் கழற்றக் கூடாது. கழற்றச் சொன்னாலும் மறுக்க வேண்டும்.

சிறு துண்டைக் கையால் உள்ளே தள்ளக் கூடாது. இரண்டு பேர் தகட்டைப் பிடித்தால், இருவர் கையும் விலகிய பிறகே பெடலை மிதிக்க வேண்டும். துடைக்கும்போதும் பிளேடு மாற்றும்போதும் மின்சாரத்தை நிறுத்த வேண்டும்.

விபத்து நடந்து விரல் துண்டானால் என்ன செய்வது? காயத்தைச் சுத்தமான துணியால் அழுத்திக் கட்டுங்கள். துண்டான விரலை ஈரமான சுத்தத் துணியில் சுற்றுங்கள். பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டுங்கள். அந்தப் பையை ஐஸ் தண்ணீரில் வையுங்கள். விரலில் ஐஸ் நேராகப் படக் கூடாது. உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். ராஜாஜி நகரில் இ.எஸ்.ஐ. மருத்துவமனை இருக்கிறது. இ.எஸ்.ஐ.யில் பதிவான தொழிலாளிக்கு வேலையில் காயம் பட்டால் உதவித் தொகை பெறவும் உரிமை உண்டு. அதனால் உங்கள் பெயர் பதிவாகியிருக்கிறதா என்று இன்றே கேளுங்கள்.

மிஷினில் ஒரு சிறு பலகை ஒட்டியிருக்கும். எத்தனை மில்லி மீட்டர் கனம் வரை வெட்டலாம் என்ற எண் அதில் இருக்கும். அது சாதாரண இரும்புக்கான அளவாக இருக்கலாம். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் என்றால் அதைவிட மெல்லிய தகட்டைத்தான் வெட்டலாம். பெடலை மிதிக்கும் முன் அந்த எண்ணைப் படியுங்கள். பக்கத்தில் வேலை செய்பவருக்கும் படித்துக் காட்டுங்கள்.