பழைய பெட்ரோல் படகு வாங்குகிறீர்களா? முதலில் சிக்னலைச் சோதியுங்கள்!

ரிமோட் கன்ட்ரோல் படகு என்றதும் பேட்டரியில் ஓடும் பொம்மைதான் நம் நினைவுக்கு வரும். பெட்ரோல் என்ஜினில் ஓடும் பெரிய படகுகளும் உண்டு. அமெரிக்காவில் இவற்றை ‘கேஸ் போட்’ என்பார்கள். கேஸ் என்றால் சமையல் கேஸ் அல்ல. அங்கே பெட்ரோலுக்குத்தான் அந்தப் பெயர். ஜப்பானின் ஜெனோவா நிறுவனத்தின் 25.4 சிசி டூ ஸ்ட்ரோக் என்ஜின் இந்தப் படகுகளில் மிகவும் பிரபலம். வேகம் மணிக்கு 50 கிலோமீட்டரைத் தாண்டும்.

புதிய படகின் விலை அதிகம் என்பதால் பலரும் பழையதைத் தேடுகிறார்கள். வேலை நிமித்தமாக அமெரிக்காவில் இருந்தபோது நானும் ஒன்றை வாங்கிச் சீர் செய்தேன்.

கம்ப்யூட்டர் இதழில் படகுக்கு என்ன வேலை என்று கேட்கிறீர்களா? இந்தப் படகை ஓட்டுவது உள்ளே இருக்கும் ரிசீவர். அதற்குள் இருப்பது ஒரு குட்டிக் கம்ப்யூட்டர். பழைய படகு வாங்குபவர்கள் என்ஜினைப் பார்ப்பார்கள், பெயின்ட்டைப் பார்ப்பார்கள். ஆனால் ஆபத்து ஒளிந்திருப்பது ரிசீவரில்தான்.

சிக்னல் எப்படிச் செல்கிறது?

உங்கள் கையில் உள்ள டிரான்ஸ்மிட்டரின் கட்டளையை ரிசீவர் பெற்று, சர்வோ என்ற சிறிய மோட்டாருக்கு அனுப்புகிறது. சுமார் 20 மில்லி செகண்டுக்கு ஒருமுறை ஒரு துடிப்பு செல்லும். துடிப்பின் நீளம் 1.5 மில்லி செகண்டாக இருந்தால் சர்வோ நடுவில் நிற்கும். 1 மில்லி செகண்ட் என்றால் ஒரு பக்கமும், 2 என்றால் மறுபக்கமும் திரும்பும். ஒரு சர்வோ சுக்கானைத் திருப்புகிறது. இன்னொன்று கார்புரேட்டரைத் திறந்து மூடுகிறது.

அமெரிக்காவின் பழைய படகுகளில் 27 அல்லது 75 மெகாஹெர்ட்ஸ் ரேடியோ இருக்கும். அதே சேனலை அருகில் வேறொருவர் பயன்படுத்தினால் உங்கள் படகு அவர் சொல்லையும் கேட்கும்! அப்படி இருந்தால் யோசிக்காமல் 2.4 கிகாஹெர்ட்ஸ் செட்டுக்கு மாற்றுங்கள். வயர்லெஸ் மவுஸ் தன் ரிசீவரோடு மட்டும் பேசுவது போல இதிலும் இரண்டையும் இணைத்துவிடலாம். இதற்கு ‘பைண்டிங்’ என்று பெயர்.

ஃபெயில்சேஃப் சோதனை

சிக்னல் அறுந்தால் ரிசீவர் என்ன செய்ய வேண்டும் என்று முன்கூட்டியே பதிவு செய்து வைப்பதுதான் ஃபெயில்சேஃப். முந்தைய உரிமையாளர் அதைச் செய்திருப்பார் என்று நம்பிவிடாதீர்கள். இப்படிச் சோதியுங்கள்:

1. என்ஜினை இயக்காமல் படகை ஸ்டாண்டில் வையுங்கள்.
2. டிரான்ஸ்மிட்டரையும் ரிசீவரையும் ஆன் செய்து, ஆக்சிலரேட்டரைப் பாதி அளவு அழுத்திப் பிடியுங்கள்.
3. பிடித்தபடியே டிரான்ஸ்மிட்டரை ஆஃப் செய்யுங்கள்.

கார்புரேட்டர் உடனே மூடிக்கொண்டால் நல்லது. பாதி திறந்தபடியே நின்றால், ஏரியில் சிக்னல் போகும்போது படகு அதே வேகத்தில் கரையை நோக்கி வரக்கூடும். கரையில் குழந்தைகள் நிற்கலாம். ரிசீவரின் கையேட்டைப் பார்த்து ஃபெயில்சேஃபை மீண்டும் பதிவு செய்யுங்கள்.

இதிலும் ஒரு சிக்கல் உண்டு. ஃபெயில்சேஃப் வேலை செய்ய ரிசீவருக்கு மின்சாரம் வேண்டும். படகின் பேட்டரியே தீர்ந்துவிட்டால் சர்வோ நின்ற இடத்திலேயே நிற்கும். ஆனால் என்ஜின் தனக்கு வேண்டிய தீப்பொறியைத் தானே உண்டாக்கிக்கொள்வதால் ஓடிக்கொண்டே இருக்கும். பெரும்பாலான படகுகளில் கிளட்ச் கிடையாது. என்ஜின் ஓடும்வரை விசிறியும் சுற்றும். எனவே பழைய பேட்டரியை மாற்றிவிடுங்கள். சிக்னலோ மின்சாரமோ போனால் என்ஜினை அணைக்கும் எலெக்ட்ரானிக் கில் சுவிட்ச் ஒன்றையும் பொருத்துங்கள்.

ஸ்பார்க் பிளக்கையும் கவனியுங்கள். அதன் தீப்பொறி ரேடியோ இரைச்சலை உண்டாக்கும். ரெசிஸ்டர் உள்ள பிளக் அதைக் குறைக்கும். என்ஜிகே நிறுவனத்தின் சிஎம்ஆர்7எச் பிளக்கில் உள்ள ‘ஆர்’ என்ற எழுத்து ரெசிஸ்டரைத்தான் குறிக்கிறது. ரிசீவரின் ஆன்டெனா, பிளக் வயரை ஒட்டிச் செல்லக்கூடாது.

இனி என்ஜினுக்கு வருவோம்

பிளக்கைக் கழற்றி, புகை வெளியேறும் துளை வழியாக பிஸ்டனைப் பாருங்கள். நெடுக்காக ஆழமான கீறல்கள் இருந்தால் விலையைக் குறைத்துக் கேளுங்கள், அல்லது விட்டுவிடுங்கள். நாள்பட்ட பெட்ரோல் கார்புரேட்டருக்குள் பிசினாகப் படியும், டயாஃப்ரமும் விறைத்துப் போகும். பழைய பெட்ரோலைக் கொட்டிவிட்டு, புதிய டயாஃப்ரம் கிட் போட்டால் பெரும்பாலும் சரியாகிவிடும். எண்ணெய் கலவை பொதுவாக 25க்கு 1, அதாவது 1 லிட்டர் பெட்ரோலுக்கு 40 மில்லி டூ ஸ்ட்ரோக் ஆயில்.

என்ஜினைக் குளிரவைப்பது ஏரித் தண்ணீர். டியூப்பின் ஒரு முனையில் ஊதுங்கள். மறுமுனையில் காற்று தாராளமாக வர வேண்டும். தண்ணீர் இல்லாமல் சில வினாடிகளுக்கு மேல் என்ஜினை ஓட்டாதீர்கள்.

விசிறியைச் சுழற்றும் கம்பிக் கேபிளை முழுவதும் வெளியே இழுத்துப் பாருங்கள். ஒரு இழை அறுந்திருந்தாலும் புதிதாக மாற்றுங்கள். நன்றாக இருந்தால் துடைத்து, தண்ணீரில் கரையாத கிரீஸ் தடவி உள்ளே செலுத்துங்கள். வேகத்தில் கேபிள் முறுக்கேறிச் சற்றுச் சுருங்கும். அதற்காக விசிறிப் பக்கம் சில மில்லிமீட்டர் இடைவெளி விடுவது அவசியம்.

படகின் உடலுக்குள் மிதவை ஃபோம் இருக்கிறதா என்றும் பாருங்கள். படகு கவிழ்ந்தால் மூழ்காமல் காப்பது அதுதான்.

முதல் முறை தண்ணீரில் விடும்போது ஆட்கள் குளிக்காத, நடமாட்டம் குறைந்த இடமாகத் தேர்ந்தெடுங்கள். கரையிலேயே ஃபெயில்சேஃப் சோதனையை இன்னொரு முறை செய்யுங்கள். அரை நிமிட வேலைதான். ஒவ்வொரு முறை படகை இறக்கும்போதும் இதைப் பழக்கமாக்கிக் கொள்ளுங்கள்.